இரண்டு மணி நேரம் — யாருக்கு?



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் ரயில் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்து ஓர் அன்பர் எழுந்தார். "இன்னும் எத்தனை காலத்துக்கு ரயில், ரயில் என்று மனு எழுதிக்கொண்டிருப்பீர்கள்? மும்பையிலிருந்து சென்னை இரண்டு மணி நேரம். காலையில் ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு ஊர். காலம் மாறிவிட்டது. சங்கமும் மாற வேண்டாமா?" என்று கேட்டார். சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

அந்த அன்பர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பிள்ளை படித்து நல்ல வேலைக்குப் போய்விட்டான். அப்பாவை விமானத்தில் அனுப்பிவைக்கிறான். அதில் நமக்கும் மகிழ்ச்சியே. செருப்புத் தைத்த கையும் தோல் பதனிட்ட கையும் வளர்த்த பிள்ளை விமானத்தில் ஏறினால் நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால், நம் மனுவும் செத்துப்போகும், நம் மக்களும் ஏமாந்துபோவார்கள். ஆகவே இந்த இதழில் அந்த 'இரண்டு மணி நேர'க் கணக்கைப் பிரித்துப் பார்க்கிறோம்.

ஒரே குர்லா, இரண்டு வாசல்

குர்லாவில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஊருக்குப் போக அங்கே இரண்டு வாசல்கள் இருக்கின்றன. மேற்கே ஜரிமரிப் பக்கம் போனால் விமான நிலையத்தின் மதில். கிழக்கே வந்தால் லோகமான்ய திலக் டெர்மினஸ். மதிலை ஒட்டிய வீடுகளின் தகரக் கூரை அதிர, விமானங்கள் ஏறி இறங்குகின்றன. டெர்மினஸில் தலையில் பெட்டியும் இடுப்பில் பிள்ளையுமாக நம் சனங்கள் ஜெனரல் பெட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு இடத்திலும் சென்னை என்று பலகையில் எழுதியிருக்கிறது.

இரண்டும் ஒரே நிமிடத்தில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். விமானம் சென்னையில் சக்கரத்தைத் தரையில் வைக்கும் நேரத்தில் நம் வண்டி எங்கே இருக்கும்? கர்ஜத்தில் பின்னால் எஞ்சின் கோர்த்துக்கொண்டு போர்க் கணவாய் ஏறிக்கொண்டிருக்கும். அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். நாம் இன்னும் லோனாவாலா போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு புனே, தௌண்ட், சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பை, ரேணிகுண்டா, அரக்கோணம். ஏறத்தாழ ஒரு முழு நாள்.

தூரமாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. வானத்தில் நேர்கோடு பிடித்தால் மும்பைக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 1,030 கிலோமீட்டர். தண்டவாளத்தில் சுமார் 1,280. இந்த 250 கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக நாம் யாரோடும் சண்டை போட மாட்டோம். மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது. வண்டி சுற்றித்தான் போக வேண்டும். பம்பாயிலிருந்து ஒரு கம்பெனியும் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியும் போட்டுக்கொண்டு வந்த பாதைகள் 1871இல் ராய்ச்சூரில் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரன் பருத்திக்கும் பட்டாளத்துக்கும் தபாலுக்கும் போட்ட பாதை அது. நம் வசதிக்காகப் போட்டதல்ல. 1863இல் திறக்கப்பட்ட போர்க் கணவாய்ப் பாதையை வெட்டும்போது காலராவிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கான கூலிகள் மாண்டார்கள். இன்றைக்கும் முப்பத்தேழு அடி போனால் ஓர் அடி ஏறுகிற அந்தச் சரிவில் எஞ்சின் முனகும்போது, அந்தக் கூலிகளை நினைப்பவர் யார்?

வான்வழியும் நேற்று வந்ததல்ல. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். ஆக, பம்பாய்–சென்னை வான்வழியில் முதலில் போனது கடிதம். மனிதன் அப்புறம்தான் ஏறினான். அதிலும் காசுள்ள மனிதன்.

தண்டவாளம் சுற்றிப் போவதில் நமக்குக் கோபம் இல்லை என்றோம். பிறகு எதில் கோபம்? சொல்கிறோம்.

கூலி நாளில் அளந்து பார்ப்போம்

பணக்காரன் தூரத்தைக் கடிகாரத்தில் அளக்கிறான். உழைப்பாளி எதில் அளக்க வேண்டும்? கூலி நாளில் அளக்க வேண்டும்.

கணக்குக்காக ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மும்பையிலிருந்து சென்னைக்கு ஸ்லீப்பர் டிக்கெட் 600 ரூபாய் அளவில் இருக்கிறது. அதாவது ஒரு நாள் உழைத்தால் டிக்கெட். ஒரு நாள் பயணம் செய்தால் சென்னை. மொத்தம் இரண்டு நாள்.

விமானத்துக்கு வருவோம். நாளுக்கு ஒரு விலை, நேரத்துக்கு ஒரு விலை. மிதமாக 5,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஐயாயிரத்துக்கு நம் ஆள் எட்டு நாளுக்கு மேல் உழைக்க வேண்டும். அவனுக்குச் சென்னை இரண்டு மணி நேரத் தூரத்தில் இல்லை. எட்டு நாளும் இரண்டு மணி நேரமும் ஆகிறது!

நம்மைப் பொறுத்தவரை ரயில்தான் வேகமான வண்டி. விமானம்தான் கட்டை வண்டி. இதைக் கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள். காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

குடும்பத்தோடு போவதாக இருந்தால் கணக்கு இன்னும் முற்றும். கணவன், மனைவி, பாட்டி, எட்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன். ரயிலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட். ஆக மூன்றரை டிக்கெட், சுமார் 2,100 ரூபாய். விமானத்தில் இரண்டு வயது முடிந்துவிட்டால் பிள்ளைக்கும் தனி இருக்கை, தனிக் கட்டணம். ஐந்து பேருக்கு 25,000 ரூபாய். ஸ்லீப்பரில் தலைக்கு 40 கிலோ சாமான் சும்மா கொண்டுபோகலாம். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறவன், மச்சினன் பிள்ளைக்குத் துணியும் அம்மாவுக்குக் கம்பளியும் கொண்டுபோகாமல் கையை வீசிக்கொண்டா போவான்?

இன்னொன்றையும் அந்த இரண்டு மணி நேரக்காரர்கள் சொல்வதில்லை. நம்மில் பெரும்பாலோருக்குச் சென்னை ஊரே அல்ல. நாம் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து சனங்கள். சென்னையில் இறங்கினால் நெல்லைக்கு இன்னும் 650 கிலோமீட்டர். இன்னொரு ராத்திரிப் பயணம், இன்னொரு டிக்கெட், இன்னொரு வெயிட்டிங் லிஸ்ட்.

கிலோமீட்டருக்கு விலையா, கண்ணீருக்கு விலையா?

"முன்கூட்டியே போட்டால் விமானம் மலிவாகக் கிடைக்கிறதே" என்பார்கள். கிடைக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. முன்கூட்டியே நாள் குறிக்க முடிந்தவனுக்கு மலிவு. தேதி போட்டு லீவு வாங்குகிறவனுக்கு மலிவு. சாவு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருமா? பிரசவ வலி இரண்டு மாதத்துக்கு முன்பே கடிதம் போடுமா? முதலாளி ஐந்தாம் தேதி கணக்கு முடித்துக் கையில் கொடுக்கும்வரை போக முடியுமா முடியாதா என்றே தெரியாதவன் எந்தத் தேதிக்குப் பதிவு செய்வான்?

இங்கேதான் இரண்டு கட்டண முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இருக்கிறது. இதைக் கவுண்டரில் உட்காரும் நாம் விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ரயில் கட்டணம் தூரத்தைப் பார்த்துப் போடப்படுவது. போகப் போகக் கிலோமீட்டருக்கான விகிதம் குறையும்படி அட்டவணை அமைத்திருக்கிறார்கள். தூரத்து ஊர்க்காரனுக்கு அது ஒரு நியாயம். நேற்று வாங்கினாலும் இன்று வாங்கினாலும், அம்மா செத்தாலும் தங்கைக்குக் கல்யாணம் ஆனாலும், அதே தூரத்துக்கு அதே கட்டணம். விமானக் கட்டணம் அப்படியல்ல. உனக்கு எவ்வளவு அவசரம் என்று பார்த்துப் போடப்படுவது. அவசரம் ஏற ஏற விலை ஏறும். பசித்தவனைப் பார்த்துச் சோற்று விலையை ஏற்றுகிற கடைக்காரனை நாம் என்ன சொல்வோம்?

கொடுமை என்னவென்றால், அந்தச் சரக்கை ரயிலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். 1997இல் தட்கல் வந்தபோது அவசரக்காரருக்கு உதவி என்றார்கள். 2014இல் பிரீமியம் தட்கல் வந்தது. இருக்கை குறையக் குறைய விலை ஏறும். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ஏறுகட்டணம் வந்தது. பண்டிகைக்கு விடும் சிறப்பு வண்டி என்றால் சிறப்புக் கட்டணம். சிறப்பு யாருக்கு? நமக்கா, கஜானாவுக்கா? 2020 மார்ச்சில் தொற்று நோயைக் காரணம் காட்டி முதியோர் சலுகையை நிறுத்தினார்கள். ஆணுக்கு 60 வயதில் நூற்றுக்கு நாற்பதும் பெண்ணுக்கு 58 வயதில் நூற்றுக்கு ஐம்பதும் கிடைத்துவந்த சலுகை அது. நோய் ஓய்ந்தது, வண்டிகள் ஓடின, சலுகையைத் திருப்பித் தரவில்லை. 2025 ஜூலையிலிருந்து மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கிலோமீட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்கள். ஒரு பைசாதானே என்பார்கள். ஆயிரத்து இருநூற்று எண்பது கிலோமீட்டர் போகிறவனிடம் கேட்டுப் பாருங்கள். அவனுக்குத்தான் அந்தப் பைசா ஆயிரத்து இருநூற்று எண்பது தடவை.

வேகத்தையும் தனியாகப் பிரித்து விற்கிறார்கள். நம் பாதை முழுதும் மின்மயமாகிவிட்டது. ஆனால் நம் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு அறுபது கிலோமீட்டரை ஒட்டியே நிற்கிறது. 2023 பிப்ரவரியில் அதே பாதையில் மும்பை–சோலாப்பூர் வந்தே பாரத் கொடியசைத்துப் புறப்பட்டது. வேகமான வண்டிதான், சந்தோஷம். ஆனால் அதில் ஜெனரல் பெட்டியும் இல்லை, ஸ்லீப்பர் பெட்டியும் இல்லை. தண்டவாளம் வேகத்தைத் தாங்கும் என்றால், அந்த வேகம் ஏன் குளிர்பதனப் பெட்டியோடு மட்டும் ஒட்டிக்கொள்கிறது?

விமானக் கட்டணத்தை அரசு கட்டுப்படுத்த முடியாது, அது சந்தை என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதம் 2025 டிசம்பரில் உடைந்தது. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, நிலையங்களில் மக்கள் தவித்து, கட்டணம் தாறுமாறாக ஏறியபோது, மத்திய அரசே தூரத்தை வைத்து உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். 1,000 வரை 12,000. 1,500 வரை 15,000. அதற்கு மேல் 18,000. மனம் இருந்தால் ஒரே நாளில் முடியும் என்று இதனால் தெரிகிறது. ஆனால் இன்னொன்றும் தெரிகிறது. ஆயிரத்தைச் சற்றே தாண்டும் மும்பை–சென்னை தூரத்துக்கு அவர்கள் கருணையோடு போட்ட வரம்பு 15,000 ரூபாய். நம் ஆளின் இருபத்தைந்து நாள் கூலி! அதுவும் வரி, நிலையக் கட்டணம் நீங்கலாக!

ஹவாய்ச் செருப்புப் போட்டவனும் விமானத்தில் போக வேண்டும் என்று 2017இல் உடான் திட்டத்தைத் தொடங்கியபோது பிரதமர் சொன்னார். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய், அதுவும் விமானத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கைகளுக்கு, என்று வரம்பு. சின்ன ஊர்களுக்கு விமானம் வந்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் மும்பை–சென்னை போன்ற பெரிய தடத்துக்கு அந்த வரம்பு கிடையாது. ஹவாய்ச் செருப்புக்காரன் எங்கே பெருந்திரளாகப் பயணம் செய்கிறானோ அங்கே திட்டம் இல்லை.

ஒரு சாவு வீட்டுக் கதை

இவ்வளவும் புள்ளிக்கணக்கு. இனி ஒரு மனிதனின் கதை. பெயர் வேண்டாம், படிக்கிறவர்களில் பாதிப் பேர் இது தங்கள் கதை என்றே நினைப்பார்கள்.

தாராவியில் தையல் மிஷினில் உட்காரும் ஒரு தோழர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரு ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி போன் செய்தான்: "அண்ணே, அம்மா போயிட்டா." மூத்த பிள்ளை இவர். கொள்ளி வைக்க வேண்டியவர் இவர்.

விடியும்வரை அண்டை வீட்டுப் பையன் போனில் விமானம் பார்த்தான். ஒரு டிக்கெட்டுக்குக் கேட்ட பணம் அவருடைய ஒரு மாத வருமானத்துக்கு மேல். கடன் கேட்டார். பாதிதான் புரண்டது. காலையில் நம்மிடம் வந்தார். அன்றைய வண்டிக்குத் தட்கல் முந்தின நாளே திறந்து முடிந்துவிட்டது. செத்தது நேற்று ராத்திரி. தட்கல் நேற்றுக் காலை. மறுநாள் வண்டிக்குப் பதினொரு மணிக்குத் திறந்தது. மூச்சு விட்டு முடிப்பதற்குள் தீர்ந்தது. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்த நம்மால் அவருக்கு ஒரு படுக்கை வாங்கித் தர முடியவில்லை. இதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

ஜெனரல் டிக்கெட் எடுத்துக்கொண்டு அன்றே ஏறினார். சோலாப்பூர் வரை ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றார். குண்டக்கல்லில் யாரோ ஓர் ஆந்திரத்துத் தாய், விஷயம் கேட்டு, தன் பிள்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் கொடுத்தாள். சென்னை வந்து, எழும்பூர் போய், இன்னொரு ராத்திரி உட்கார்ந்து, மூன்றாம் நாள் காலை சங்கரன்கோவிலில் இறங்கினார். தம்பி கொள்ளி வைத்திருந்தான். காடாற்றும் முடிந்திருந்தது. "முகத்தையாவது வச்சிருக்கக் கூடாதா" என்று ஒரு வார்த்தை கேட்டாராம். வெயில் காலம், வைத்திருக்க முடியாது. தம்பி மேல் என்ன தப்பு?

அந்த அன்பரை நாம் கேட்கிறோம்: இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த மகன் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது ஏன்?

2020ஐ மறந்துவிட்டோமா?

தூரம் என்பது யாருக்கு எப்படி நீளும் என்பதை நாடே பார்த்த ஆண்டு 2020. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. அதற்கு இரண்டு நாள் முன்பே பயணி வண்டிகள் நின்றுவிட்டன. கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை. மே 1ஆம் தேதிதான் முதல் தொழிலாளர் சிறப்பு வண்டி புறப்பட்டது. இடையில் ஐந்து வாரத்துக்கு மேல்! அந்த ஐந்து வாரத்தில் இந்தியா காலால் அளக்கப்பட்டது.

மே 8ஆம் தேதி விடியற்காலை ஔரங்காபாத் மாவட்டம் கர்மாட் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய பதினாறு தொழிலாளர்கள் மேல் சரக்கு வண்டி ஏறியது. மத்தியப் பிரதேசத்துப் பிள்ளைகள். ஜால்னாவில் இரும்பாலை வேலை. ஊர் வண்டி பிடிக்கப் புசாவலை நோக்கி நடந்தவர்கள். வண்டி ஓடவில்லை என்று நம்பித்தான் தண்டவாளத்தில் படுத்தார்கள். அதற்கு முந்தின நாள், மே 7ஆம் தேதி, வெளிநாட்டில் தங்கிவிட்டவர்களை அழைத்துவர அரசின் ஏற்பாட்டில் விமானங்கள் வரத் தொடங்கின. அவர்களும் நம் சகோதரர்களே. அவர்களை அழைத்துவந்தது தப்பில்லை. கடல் கடந்து விமானம் அனுப்ப முடிந்த நாட்டில், ஜால்னாவிலிருந்து புசாவலுக்கு ஒரு வண்டி விட முடியவில்லையே என்பதுதான் நம் நெஞ்சில் ஆறாத புண்.

ஆகஸ்டு முடிய 4,621 தொழிலாளர் வண்டிகளில் 63 லட்சம் பேர் ஊர் போனார்கள் என்பது ரயில்வே கணக்கு. வண்டியும் இருந்தது, பாதையும் இருந்தது, ஓட்ட ஆளும் இருந்தோம். அப்படியானால் அந்த ஐந்து வாரம் எதற்காக நடக்க வைத்தீர்கள்?

நம் வீட்டையும் பெருக்குவோம்

அரசை மட்டும் திட்டிவிட்டுப் பேனாவை மூடினால் அது நேர்மை ஆகாது.

முதல் குற்றம் நம்முடையது, ரயில்வே ஊழியர்களுடையது. கவுண்டரில் இந்தி தெரியாத தாயை அதட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தரகனோடு தேநீர் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றிக்கொண்டே மக்களுக்காகப் பேசுகிறோம் என்றால் யார் நம்புவார்கள்?

இரண்டாவது குற்றம் சங்கத்துடையது. ஆண்டுதோறும் மனு எழுதுகிறோம், மாலை போடுகிறோம், படம் பிடித்துக்கொள்கிறோம். அந்த மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று போய்க் கேட்டவர் எத்தனை பேர்? ரயில்வேயில் அவசர ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் துக்கம், நோய் என்று வருகிறவர்களையும் அதில் கவனிக்கலாம் என்பது முறை. மந்திரி கடிதமும் எம்.பி. கடிதமும்தான் அதில் போய்ச் சேரும் என்று நினைத்து நம் மக்கள் விண்ணப்பிப்பதே இல்லை. அந்தத் தையல்காரத் தோழருக்கு அன்றைக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்க நமக்குத் தோன்றவில்லை. கிடைத்திருக்குமா என்பது வேறு. கேட்கவே இல்லை என்பதுதான் குற்றம்.

மூன்றாவது, நம் குடும்பங்களுக்குள் வளரும் ஒரு நோய். "நாங்கள் ஃபிளைட்டில்தான் வருவோம்" என்று ஊரில் பெருமைக்காகச் சொல்லி, வட்டிக்கு வாங்கி டிக்கெட் போடுகிறவர்களைப் பார்க்கிறோம். இரண்டு மணி நேரத்தில் போய்விட்டு, வட்டியை ஆறு மாதம் கட்டுகிறார்கள். ரயிலில் வந்தவனை இளக்காரமாகப் பார்ப்பதும் நடக்கிறது. நம் தாத்தாக்கள் பித்தளைச் சொம்பும் சோற்றுப் பொட்டலமுமாக வந்து இறங்கிய வண்டி அது. அந்த வண்டியில் வருவது கேவலம் என்றால், நாம் இந்த நகரத்துக்கு வந்ததே கேவலம் என்றாகும்.

நாம் கேட்பது என்ன?

விமானத்தை நிறுத்து என்று நாம் கேட்கவில்லை. விமானத்தில் வேலை செய்கிறவனும் உழைப்பாளிதான். நம் பிள்ளைகள் விமானத்தில் ஏறட்டும், ஓட்டவும் செய்யட்டும். நாம் கேட்பது இவைதாம்:

ஒன்று. மும்பையிலிருந்து தென் மாவட்டங்களுக்கு நேரே போகும் வண்டிகள் ஒவ்வொன்றும் வாரத்தில் சில நாட்களே ஓடுகின்றன. அவற்றைத் தினசரி ஆக்கு.

இரண்டு. பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை நாட்களில் விடும் வண்டிகளைச் சாதாரணக் கட்டணத்தில் விடு.

மூன்று. குளிர்பதனப் பெட்டி சேர்க்கும் சாக்கில் ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றாதே. ஜெனரல் பெட்டிகளைக் கூட்டுவதாக 2024இல் அறிவித்தாய். நம் வண்டிகளில் எண்ணிக் காட்டு.

நான்கு. முதியோர் சலுகையைத் திருப்பிக் கொடு.

ஐந்து. அவசர ஒதுக்கீட்டில் சாவுக்கும் நோய்க்கும் என்று ஒரு பங்கைத் தனியே வை. சிபாரிசுக் கடிதம் இல்லாமல் கவுண்டரிலேயே கொடு. யாருக்குக் கொடுத்தாய் என்று பலகையில் எழுதி வை.

ஆறு. விமானக் கட்டணத்துக்குத் தூரத்தை வைத்து உச்சவரம்பு போட முடியும் என்று நீயே 2025இல் காட்டிவிட்டாய். நெருக்கடி நாளில் மட்டும் போட்டதை, உழைப்பாளிக்கு எட்டும் அளவுக்குக் குறைத்து நிரந்தரமாக்கு.

இந்த ஆறில் எதுவும் வானத்திலிருந்து நட்சத்திரத்தைப் பறித்துக் கொடு என்பதல்ல. எல்லாம் தண்டவாளத்தில் நிற்கிற கோரிக்கைகள்.

கையெழுத்துப் படிவம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்து சந்தாக வருகிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர்கள் கைநாட்டு வைக்கலாம். அதற்கும் மதிப்பு உண்டு. அவசர ஒதுக்கீட்டு விண்ணப்பம் எழுதித் தர இனி ஒவ்வொரு நாள் மாலையும் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். ராத்திரியில் சாவுச் செய்தி வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நம் கதவைத் தட்டுங்கள். இது நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு. இதற்கு எந்த மந்திரியின் உத்தரவும் வேண்டாம்.

கேள்வி கேட்ட அன்பருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். முதல் வரிசையில் உட்காருங்கள். படிவத்தில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் பிள்ளை உங்களை விமானத்தில் அனுப்புவான்; நல்லது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அம்மா ஊரில் இருக்கிறாள்.